அணையா அடுப்பும் ஏழு திரைகளும்

ஓர் ஆன்மிகச் சங்கத்தின் சிறப்பை அதன் தொன்மையைக் கொண்டு அளப்பதா, கொள்கையைக் கொண்டு அளப்பதா, அன்றி நாள்தோறும் அது ஆற்றும் செயலைக் கொண்டு அளப்பதா? பிறந்த ஊரை விட்டுப் பட்டான்செருவில் குடியேறி, சங்கம் கண்டு, ஆண்டு விழாவும் எடுக்கும் தமிழ்க் குடும்பத்தாராகிய நாம் இவ்வினாவை எண்ணிப் பார்த்தல் நன்று.

மேலைநாட்டு வரலாற்றில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பண்டைப் பிரித்தானியாவிலும் இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியிலும் துரூயிதர் என்னும் குருமார் வாழ்ந்தனர். அவர்கள் தம் போதனையை எழுத்தில் வைப்பதில்லை என்று சூலியசு சீசர் எழுதியுள்ளார். அதனால் அவர் நெறி அவரோடு மறைந்தது. 1792-ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரில் வாழ்ந்த வேல்சு நாட்டார் சிலர் பிரிம்ரோசுக் குன்றில் கூடி, துரூயிதர் சடங்கு என்று ஒன்றை நடத்தினர். நடத்தியவர் யோலோ மார்கனூக் என்னும் புலவர். அவர் காட்டிய பழஞ்சடங்குகள் அவரே புனைந்தவை என்பதைப் பிற்கால ஆய்வாளர் மெய்ப்பித்தனர். 1964-இல் இங்கிலாந்தில் தோன்றிய துரூயிதர் கழகம் போன்ற பிற்காலக் குழுவினர் மரத்தையும் கதிரவனையும் பருவங்களையும் போற்றுவதையே நோக்கமாகக் கொண்டு, பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாள்கள் முதலியவற்றில் விழாக் கொண்டாடுகின்றனர். நோக்கம் நல்லதே, ஆயினும் மூலவர் எழுதி வைத்த விதி எதுவும் அவர்க்கு இல்லை.

நம் தமிழ் மண்ணிலும் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு புதுநெறிச் சங்கம் எழுந்தது. அதன் மூலவரோ தம் நோக்கத்தையும் நடைமுறையையும் தம் கையாலேயே எழுதி வைத்தார். அவரே வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள்.

அடிகள் 1823 அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றினார். இளமை தொட்டுச் சென்னையில் வாழ்ந்தார். பின்னர் வடலூரை அடுத்த கருங்குழிக்குச் சென்று தங்கினார். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1872-இல் அதன் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றி அமைத்தார். ‘வேதம்’ என்னும் சொல் நீங்கி, ‘சுத்தம்’, ‘சத்தியம்’ என்னும் சொற்கள் சேர்ந்தமை அவர் உள்ளம் சென்ற திசையைக் காட்டும்.

அச்சங்கத்தின் நோக்கம் யாது? கடவுள் ஒருவரே, அவர் அருட்பெருஞ்சோதி வடிவினர், உயிர்கள் அனைத்தும் ஒருகுலம், சாதி சமய வேறுபாடுகள் அவ்வொருமைக்குத் தடை. ஆதலின் எவ்வுயிரையும் தம்முயிர்போல் எண்ணும் ஆன்மநேய ஒருமைப்பாட்டுரிமையே சன்மார்க்கத்தின் குறிக்கோள் என்றார் அடிகள். அதனை அடைதற்கு இந்திரிய ஒழுக்கம், கரண ஒழுக்கம், சீவ ஒழுக்கம், ஆன்ம ஒழுக்கம் என நான்கு ஒழுக்கங்களை வகுத்தார். கொலையும் புலாலும் தவிர்த்தல், இறந்தாரை எரியாது புதைத்தல், கருமாதி முதலிய சடங்குகளை விடுத்தல் ஆகியன அவர் வலியுறுத்திய நடைமுறைகள்.

இவை அனைத்திற்கும் முன்னே அவர் வைத்தது பசி நீக்குதலை. 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை திறக்கப்பெற்றது. நாட்டின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டிய 1866-ஆம் ஆண்டிற்கு அடுத்த ஆண்டு அது என்பதை நாம் மறத்தலாகாது. பார்வதிபுரம் என வழங்கிய அவ்வூர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பின் நெருப்பு இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகிறது. ஞானசபை எழுந்ததோ 1872 சனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று. எனவே வழிபாட்டிடத்திற்கு ஏறத்தாழ ஐந்தாண்டு முந்தியது சமையற்கூடம்! பசித்தவனுக்குக் கடவுள் நினைவு வாராது. அவன் அறிவும் கரணமும் ஒருசேர மயங்கும். ஆதலின் பசியாற்றுதலே வழிபாட்டின் முதற்படி என்பது அடிகளின் துணிபு.

ஞானசபை எண்கோண வடிவினது. அதன் உள்ளே கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு நிறத் திரைகள் தொங்குகின்றன. தைப்பூசத்தன்று அவை ஒன்றன்பின் ஒன்றாக நீங்க, சோதி புலப்படும். அறியாமை என்னும் திரைகள் விலகினால் உள்ளொளி விளங்கும் என்பதே இதன் கருத்து.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. சபையினுள் புகுவோர் கொலையும் புலாலும் தவிர்த்தவராதல் வேண்டும் என்று விதித்த அடிகள், தருமச்சாலையில் உண்போர்க்கு எவ்விதியும் வைக்கவில்லை. பசித்து வந்தவனுடைய தேயம், சமயம், சாதி, செய்கை ஆகியவற்றை உசாவாது உணவளிக்க வேண்டும் என்றே எழுதினார். ஒளியைக் காண்பதற்குத் தகுதி வேண்டும். சோற்றைப் பெறுவதற்குப் பசி ஒன்றே போதும். இவ்விரண்டையும் பிரித்தறிந்த நெஞ்சமே வள்ளன்மை மிக்க நெஞ்சம்.

1873 அக்டோபர் 22-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை உயர்த்தி, அடிகள் நீண்ட உரை ஆற்றினார். சமயங்களின் மீது தமக்கு முன்னிருந்த பற்றும் இப்போது இல்லை என வெளிப்படையாகவே உரைத்தார். 1874 சனவரி 30-ஆம் நாள் அங்குள்ள அறையினுள் புகுந்தார், பின்னர் வெளிவரவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1876-இல், சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பற்றியது. தருமச்சாலையின் தேவையை அக்கொடிய காலமே மெய்ப்பித்தது எனலாம்.

மூலவர் மறைந்தபின் சங்கத்தின் நிலை என்னாயிற்று? ஞானசபையில் அவர் விதித்த சோதி வழிபாட்டோடு, காலப்போக்கில் சிவலிங்க வழிபாடும் ஆகம முறைச் சடங்குகளும் இடம்பெற்றன. சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டனர். மூலவர் வகுத்த முறைப்படியே வழிபாடு நிகழ வேண்டும் என 2006-இல் அறநிலையத் துறை ஆணையிட்டது. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வாணையை உறுதி செய்தது. 1872-இல் அடிகள் எழுதிய வழிபாட்டு விதி கையில் இருந்தமையாலன்றோ பிழை இதுவெனச் சுட்ட முடிந்தது! துரூயிதர் நெறிக்கு வாய்க்காத பேறு இது.

ஆயினும் எழுத்து ஒன்றே ஒரு நெறியைக் காத்துவிடும் என்று எண்ணுதலும் பொருந்தாது. எழுதிய விதி இருந்தும் சபை தடம் மாறியது. தருமச்சாலையோ மாறவில்லை. காரணம் வெளிப்படை. சபையின் விதியை ஏட்டில் தேட வேண்டும். அடுப்பின் விதியை நாள்தோறும் செய்தாக வேண்டும். விறகு இடாத நாளில் நெருப்பு அணையும். சோறு இல்லாத நாளில் வாயிலில் நிற்பவன் கேட்பான். நாள்தோறும் செய்யப்படும் நடைமுறையே நோக்கத்தின் மெய்யான காவல் என்பதை வடலூர் நமக்குக் கற்பிக்கின்றது.

வாடும் பயிரைக் கண்டு உள்ளம் நொந்தவர் அடிகள். நாம் வாழும் பட்டான்செருவிலோ, சபை எழுந்து 100 ஆண்டுகள் கழித்து, 1972-இல், இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. மழை குன்றிய நிலத்து ஏழை உழவர்க்காகச் சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றை அது ஆராய்கின்றது. வழி வேறு, ஆயினும் வாடும் பயிரும் பசித்த வயிறும் அங்கும் கருதப்படுகின்றன. அத்தகைய ஊரில் வாழும் தமிழர்க்கு வள்ளலார் அயலார் ஆவாரோ?

சங்கம் என்பது ஆண்டுக்கொரு நாள் மேடையில் விளங்கும் திரை மட்டும் அன்று. நாள்தோறும் எரியும் அடுப்பும் ஆகும். புதிதாய் இவ்வூர் வந்து வழி தெரியாது நிற்கும் குடும்பத்திற்கு ஒருவேளை உணவு, தமிழ் எழுத்தறியாது வளரும் நம் பிள்ளைக்கு ஒருமணி நேரக் கல்வி, நோயுற்றுத் தனித்திருப்பவர்க்கு ஒரு துணை — இவை நம் அடுப்பின் விறகுகள். வந்தவர் எம்மொழியினர், எச்சாதியினர் என உசாவாது இவற்றை நாம் செய்து வருவோமாயின், நம் சங்கத்தின் நெருப்பும் அணையாது நிலைபெறும்.