இரத்த வாசல்

ஊர் சுற்றிக் காட்டும் பஸ், சரித்திரத்துக்காக இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை. டில்லியில் கூனி தர்வாஜாவுக்கு அதுவும் இல்லை. வேகத்தைக் குறைத்ததோடு சரி. கூனி என்றதும் இராமாயணத்துக் கூனியை நினைத்துவிடாதீர்கள். அங்கே கூன் என்றால் இரத்தம்.

“மழைக் காலத்தில் இந்த வாசலில் இரத்தம் சொட்டும்” என்றார் வழிகாட்டி. பின் ஸீட்டு அம்மாள் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். அது விரலிடுக்கால் பார்த்தது.

மழையில் சொட்டுவது எதுவானாலும் ஆகட்டும். 1857 செப்டம்பர் 22-ஆம் தேதி இங்கே சிந்தியது மெய்யான இரத்தம். ஹுமாயூன் சமாதியில் சரணடைந்த மிர்ஸா முகல், கிஸ்ர் சுல்தான், அபூ பக்கர் மூவரும் கிழச் சக்கரவர்த்தி பகதூர் ஷாவின் பிள்ளைகளும் பேரனும். வண்டியில் கொண்டுவந்தவர்களை இறக்கி, ஆடையைக் களையச் சொல்லிச் சுட்டுக் கொன்றான் ஹாட்ஸன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. பேய்க் கதையில் கொன்றவன் பெயர் வருவதில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

எதிர்ப்புறம் பெரோஸ் ஷா கோட்லா. வியாழக்கிழமைகளில் ஜனங்கள் அங்கே ஜின்களுக்கு மனு எழுதி வைப்பார்கள். ஒரே மனுவுக்குப் பல நகல்கள், மாடத்துக்கு ஒன்று. சர்க்கார் ஆபீஸில் பழகிய கைகள்!

நாங்கள் போய்க்கொண்டிருந்த சாலைக்குப் பெயர் பகதூர் ஷா ஜபர் மார்க். வழிகாட்டி, “அடுத்தது குதுப் மினார்” என்றார்.