தீவன மூட்டையும் தீவிர சிகிச்சையும்

நாமக்கல் பக்கம் பெரிய முட்டைக்கோழிப் பண்ணைகள் பலவற்றுக்குச் சொந்தத் தீவன மில் உண்டு. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் எல்லாவற்றையும் அரைத்துக் கொட்டுகிற மிக்ஸருக்குப் பக்கத்தில் மருந்துச் சாமான் வைக்கிற சின்ன அறை ஒன்று இருக்கும். வைட்டமின், தாது உப்பு, என்சைம் எல்லாம் அங்கேதான். டன்னுக்குச் சில கிராம் மட்டும் போகிற பொடியை நேராக மிக்ஸரில் கொட்ட முடியாது. ஒரு மூட்டையில் அதிகமாகவும் அடுத்த மூட்டையில் இல்லாமலும் போய்விடும். அதனால் முதலில் கொஞ்சம் தவிட்டில் கலந்து, அதை இன்னும் கொஞ்சம் தவிட்டில் கலந்து, கடைசியில்தான் மொத்தத்தோடு சேர்ப்பார்கள். 2019 ஜூலை வரை அப்படிக் கலக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்த பொடிகளில் ஒன்று கோலிஸ்டின்.

அதே கோலிஸ்டின், சேலத்திலோ கோயம்புத்தூரிலோ ஏதாவது ஒரு ஐ.சி.யு.வில், வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காத கிருமி நோயாளியின் ரத்தத்தில் ஏறிவிட்ட பிறகு, மருத்துவர் கடைசியாக எழுதுகிற ஊசி மருந்து. ஒரே மருந்து. ஒன்று மூட்டையில் போனது, மற்றொன்று சின்னக் கண்ணாடிக் குப்பியில். இந்த இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்க நம் அரசுக்கு எத்தனை வருடம் ஆனது என்பதில்தான் எனக்கு அக்கறை.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1949இல் கோயாமா என்ற ஆய்வாளர், மண்ணில் வாழும் ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவை வளர்த்த குடுவையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சில வருடங்களுக்குள் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. 1959இல் அமெரிக்காவிலும் ஊசி வடிவத்துக்கு அனுமதி கிடைத்தது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் வகைக் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். அந்தச் சவ்வின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, கோலிஸ்டினிடம் நேர்மின்னூட்டம். போய் ஒட்டிக்கொண்டு, சவ்வைக் கட்டிப்பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசிய அயனிகளை விலக்கி, கிருமியைக் கிழித்துவிடும்.

கிருமியைக் கிழிப்பது சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை. கோலிஸ்டின் போட்ட நோயாளிகளுக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது. சிலருக்கு நரம்புத் தொந்தரவு வந்தது. ஜென்டாமைசின் போன்றவை வந்ததும் 1970களில் டாக்டர்கள் கோலிஸ்டினை ஓரங்கட்டினார்கள். மனிதர்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பண்டம் ஆடுமாடு கோழிகளுக்குப் போவது ஒன்றும் புதிதல்ல. கோலிஸ்டின் வாய்வழியாகக் கொடுத்தால் குடலைத் தாண்டி ரத்தத்தில் அதிகம் சேராது. மாத்திரையாகப் பார்த்தால் அது குறை. கோழிக்கும் பன்றிக்கும் அதுவே நிறையாகிவிட்டது. குடலுக்குள்ளேயே இருந்து ஈ.கோலையை அடிக்கும், கழிச்சல் நிற்கும், மலிவு.

கழிச்சலுக்குக் கொடுத்தவரை அதற்குப் பெயர் சிகிச்சை. நோய் இல்லாத கோழிக்கும் தினமும் சிறிதளவு தீவனத்தில் கலந்து கொடுத்தால் தின்ற தீவனம் உடம்பில் நன்றாக ஒட்டுகிறது என்று கண்டபோது அதற்கு வளர்ச்சி ஊக்கி என்று பெயர் வந்தது. பண்ணைக்காரர் கணக்கை நாம் ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. முட்டைக்கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பங்கு தீவனம்தான். முட்டை விலையை அவர் வைப்பதில்லை. நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற விலை சில பைசா ஏறினாலும் இறங்கினாலும் லட்சக்கணக்கான முட்டையில் அது பெரிய தொகை. அந்த நிலைமையில் டீலர் வந்து, "டன்னுக்கு இவ்வளவு போட்டாப் போதுங்கண்ணா, கழிச்சலே வராதுங்க" என்றால் யார் வேண்டாம் என்பார்? பில் போட்டு விற்ற பொருள், லைசென்ஸ் வாங்கிய கம்பெனி தயாரித்தது. திருட்டுச் சரக்கு அல்ல.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் நிலவரம் மாறிவிட்டது. புது தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, ஸ்வீடனில் வாழ்ந்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடமிருந்த கிருமியில் கார்பாபெனம் வகை ஆன்டிபயாட்டிக்குகளை உடைத்துப் போடும் நொதி ஒன்று இருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு எழுத்தும் புது தில்லி. அடுத்த வருடம் ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று அந்த நொதியைச் சுமந்த கிருமிகளை அந்தக் குழு எண்ணிக் காட்டியது. தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைத்துவிட்டார்கள் என்று தில்லி கொதித்தது. கொதித்ததில் பாதி நேரத்தைக் கட்டுரையின் இன்னொரு வரிக்குக் கொடுத்திருக்கலாம்: இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்ட மருந்துகள் இரண்டே இரண்டு. ஒன்று டைகிசைக்ளின். மற்றொன்று, முப்பது வருடமாக ஓரத்தில் கிடந்த கோலிஸ்டின்.

அப்படித்தான் அது திரும்பி வந்தது. வந்த பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. 1950களில் மருந்துக்கு அனுமதி கொடுத்த முறை வேறு. சரியான அளவு எது, ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாரும் இன்றைய கறாரோடு அளந்திருக்கவில்லை. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் நேஷனும் ஜியான் லியும் இந்த நூற்றாண்டில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. குப்பியின் லேபிளே குழப்பம். நாம் 10 லட்சம் யூனிட் என்கிறோம். அது எடையில் சுமார் 80 மில்லிகிராம். அமெரிக்கக் கணக்கில் அதே மருந்து ஏறத்தாழ 30 மில்லிகிராம் என்று எழுதப்படும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து மில்லிகிராம் எழுதுகிற இளம் டாக்டருக்கு இது விளையாட்டல்ல. குறைந்தால் கிருமி பிழைக்கும், கூடினால் சிறுநீரகம் போகும்.

2012 ஆகஸ்டில் சென்னையில் தொற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டையொட்டிப் பல மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கு இந்தியாவுக்குள் நடக்கக்கூடிய ஒரு திட்டத்தை எழுதின. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். முன்னின்றவர் அப்போலோ மருத்துவமனையின் அப்துல் கஃபூர். ஒரே நாளில் எல்லாம் வேண்டும் என்று கேட்காமல், எது ஐந்து வருடத்தில் முடியும் என்று கேட்டதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். பிற்பாடு கஃபூரும் கூட்டாளிகளும் சென்னையில் வாங்கிய பச்சை உணவுப் பொருட்களைச் சோதித்தபோது, கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் இறைச்சியில் மட்டுமல்லாமல் வேறு பொருட்களிலும் இருந்தன.

உலகத்தையே உலுக்கியது 2015 நவம்பர். ஷாங்காய் அருகே ஒரு பன்றிப் பண்ணையின் ஈ.கோலையில் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். கிருமியின் சவ்வில் சின்ன வேதிக்குழு ஒன்றைச் சேர்த்து, எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடும் மரபணு அது. கோலிஸ்டினுக்கு ஒட்ட இடமில்லை. அதுவரை தெரிந்த கோலிஸ்டின் எதிர்ப்பு எல்லாம் கிருமியின் சொந்தக் குரோமோசோமில் வரும் மாற்றம், பிள்ளைக்குத்தான் போகும். இது பிளாஸ்மிட் என்ற தனித் துண்டில் உட்கார்ந்திருந்தது; பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றிவிடலாம், வேறு இனக் கிருமிக்கும்கூட. விலங்குகளிலிருந்து எடுத்த 804 மாதிரிகளில் 166இலும், பச்சை இறைச்சி 523இல் 78இலும், மருத்துவமனை நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடமும் அது இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த இறங்குவரிசையே கோடிகாட்டியது.

நம் ஊரில் இந்தச் செய்தி வந்தால் கேட்கிற கேள்வி, "முட்டையில் மருந்து இருக்குதா?" என்பது. கோலிஸ்டினைப் பொறுத்தவரை அது தவறான இடத்தில் தேடுவது. குடலைத் தாண்டாத மருந்து முட்டைக்குள் போவது சொற்பம். ஈ.கோலை வேகவைத்தாலே செத்துவிடும். கவலை வேறு: மருந்துக்குப் பழகிய கிருமி கோழியின் எச்சத்தில் வெளியேறுகிறது. கூண்டு ஷெட்டுக்கு அடியில் குவிகிற அந்த எரு வீணாவதில்லை. லோடு கணக்கில் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் போகிறது. எரு அள்ளியவர் கை, வாய்க்கால் தண்ணீர், பச்சையாகத் தின்கிற கீரை வகை என்று அதற்குப் பல வழி. முட்டையை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் எருவைச் சோதித்துப் பார்க்கலாம்.

2017இல் சீனா கோலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. ஐரோப்பா 2006லேயே வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாட்டிக்குகளை ஒழித்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லும். ஆனால் சிகிச்சை என்ற பெயரில் பன்றிகளுக்குக் கோலிஸ்டின் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. இந்தியாவில் 2018 தொடக்கத்தில், நூற்றுக்கணக்கான டன் கோலிஸ்டின் இங்கே கால்நடைகளுக்காக இறக்குமதியாகிறது என்று லண்டன் புலனாய்வு இதழியல் அமைப்பும் தி இந்துவும் எழுதின. 2019 ஜூலை 19இல் மத்திய சுகாதார அமைச்சகம் மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் 26ஏ பிரிவின் கீழ் ஆணை பிறப்பித்தது. உணவுக்கான விலங்கு, கோழி, மீன் இறால் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை எதற்கும் கோலிஸ்டின் தயாரிப்பும் விற்பனையும் கூடாது. மனிதருக்கான குப்பியின் மேலும் அதை அச்சிட வேண்டும். ஒரு தாளில் எழுதி முடித்துவிட்ட வேலை. எம்.சி.ஆர். செய்தி வந்து மூன்றரை வருடம் கழித்து.

தடை பலிக்குமா என்பதற்குச் சீனாவே பதில். அங்கே கோலிஸ்டின் தீவனக் கலவை உற்பத்தி 2015இல் 27,170 டன். 2018இல் 2,497 டன். பன்றிகளின் ஈ.கோலையில் கோலிஸ்டின் எதிர்ப்பு 34 சதவீதத்திலிருந்து 5.1க்கும், கோழிகளில் 18.1இலிருந்து 5க்கும் இறங்கியது. இரண்டே வருடத்தில். கைமாறி வந்த மரபணு, மருந்து இல்லாத இடத்தில் கிருமிக்கு வெறும் சுமை. கீழே போட்டுவிடுகிறது போலும்.

இதோடு நிறுத்தினால் பண்ணைக்காரர் தலையில் பழியைக் கட்டிய கதையாகிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பாலாஜி வீரராகவன் குழு இந்திய நோயாளிகளின் கிருமிகளைப் பிரித்துப் பார்த்தபோது, எம்.சி.ஆர். அபூர்வமாகவே தென்பட்டது. இங்கே கோலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லாவில் பெரும்பாலும் பழைய வகை மாற்றம்தான்: எம்.ஜி.ஆர்.பி. என்ற சொந்த மரபணு பழுதாகிப் போனது. (தமிழ்நாட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.) அந்த மாற்றம் கோழி ஷெட்டில் பிறக்க வேண்டியதில்லை, ஐ.சி.யு.வில் கோலிஸ்டினைக் கண்டபடி எழுதினாலே பிறக்கும், கழுவாத கை அதை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகும். தடை சரிதான், வேண்டியதுதான். ஆனால் மருத்துவமனைகளின் சொந்தக் கணக்கை அது தீர்த்துவைக்காது.

லேபிலும் கோலிஸ்டின் சாமானியப்பட்ட ஆளில்லை. மற்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, கிருமி தடவிய அகார் தட்டின்மேல் மருந்து நனைத்த வட்டக் காகிதம் வைத்து, மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு. அகாரில் சரியாக நகராது. வளையத்தை நம்பி ‘கேட்கும்’ என்று ரிப்போர்ட் எழுதினால் பொய்யாகலாம். சின்னச் சின்னக் குழிகளில் மருந்தைப் படிப்படியாகப் பாதியாக நீர்த்து, திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறைதான் நம்பகமானது. பணமும் ஆளும் வேண்டும். மாவட்டத் தலைநகரில் எல்லா லேபிலும் அது இருக்காது. 2020இல் அமெரிக்க ஆய்வகத் தர அமைப்பு கோலிஸ்டினுக்கு ‘கேட்கும்’ என்ற வகைப்பாட்டையே எடுத்துவிட்டது. இனி ‘நடுத்தரம்’ அல்லது ‘கேட்காது’ மட்டும்தான். ஒரு மருந்தைப் பற்றி இதைவிடக் கசப்பான சான்றிதழ் எழுத முடியாது.

பண்ணைகளில் இப்போது குடலுக்கு நல்ல பாக்டீரியா, அமில உப்புகள், தண்ணீருக்குக் குளோரின், தடுப்பூசி என்று பேச்சு நடக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதிலேயே தீவனப் பகுப்பாய்வு ஆய்வகமும் உண்டு. சந்தேகம் வந்தால் தீவனத்தை அனுப்பிக் கேட்கத் தூரம் போக வேண்டாம். ஆனாலும் 2019இன் தடை ஒரே ஒரு மருந்துக்குத்தான் விழுந்தது. அதன் இடத்துக்கு வேறு ஆன்டிபயாட்டிக்கைத் தேடுகிற வழக்கம் ஓர் ஆணையால் போகாது.

மருத்துவமனைப் பக்கம் புது மருந்தும் வந்திருக்கிறது. சென்னையில் ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த என்மெடாசோபேக்டம், செஃபிபைம் மருந்தோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. இந்தியாவில் கண்டுபிடித்த மூலக்கூறுக்கு அப்படி நடந்தது பெரிய செய்தி. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு அது நல்ல ஆயுதம். அதனால் கார்பாபெனம் எழுதுவது குறைந்தால் இன்னும் நல்லது. ஆனால் என்.டி.எம். வகையை அது அடக்காது. அதற்கு இப்போது செஃப்டாசிடிம்-அவிபேக்டத்தோடு அஸ்ட்ரியோனாம் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். பணக்கார நாடுகளில் கோலிஸ்டின் மறுபடியும் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மருந்தின் விலையும் தாங்க முடியாத குடும்பத்துக்கு இங்கே இன்றும் கோலிஸ்டின்தான், கிரியாட்டினினைத் தினமும் பார்த்துக்கொண்டு.