தேர்க்கட்டுமானத்தில் மறைபொருத்துகள்: திருவண்ணாமலைப் பெரிய தேரை முன்வைத்து

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாளில் ஐந்து தேர்கள் மாடவீதிகளில் வலம் வருகின்றன. இவற்றுள் அருணாசலேசுவரர் எழுந்தருளும் பெரிய தேரைக் காண்போர் கண் சிற்பப் பலகைகளிலேயே நிற்கிறது. தேர்க்கலை ஆய்வுகளும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டன. தேரைத் தாங்குவதோ கண்ணுக்குப் புலப்படாத பொருத்துகள்.

தேர் அசையும் கட்டடம். வடம் இழுபடும் முதற்கணத்தில் அடித்தளம் முன்னே செல்ல, மேற்பகுதி பின்தங்குகிறது; வீதி முனையில் முட்டுக்கட்டையிட்டுத் திருப்புகையில் சட்டகம் முழுவதும் முறுக்குண்கிறது. இவ்விசைகளை ஏற்பவை, ஒரு மரத்தின் முனையில் நாக்குப்போல் செதுக்கிய கழுந்தும், மற்றொன்றில் அதை ஏற்கும் துளையும், இரண்டையும் ஊடுருவும் முளையுமே ஆகும். பலகை போர்த்தியபின் இவை எவர்க்கும் தெரியா.

இத்தொழில்நுட்பத்திற்கு நூல்வழக்கும் உண்டு. மயமதம், மானசாரம் ஆகிய இரு வடமொழிச் சிற்பநூல்களிலும் 17ஆம் இயல் மரப்பொருத்து பற்றியதே (சந்திகர்மம்). புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1970, 1976 ஆகிய ஆண்டுகளில் புருனோ டேகன்சின் பதிப்பாக வெளியிட்ட மயமதத்தில் 'மேஷயுத்தம்' என்றொரு பொருத்து வருகிறது. தூணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள கழுந்து நடுவே அமைவது அது. முட்டி நிற்கும் ஆட்டுக்கடாக்களின் பெயரை இதற்கு இட்டவர் பட்டறையை நன்கறிந்தவராகவே இருக்க வேண்டும்.

ஆணி இருக்க முளை எதற்கு? அறைந்த ஆணி மரத்தின் இழையைப் பிளக்கக்கூடும். வெயிலும் மழையும் மாறிப் படும் மரம் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்குகையில் இரும்பு அதற்கு இணங்குவதில்லை. துருவும் சேர்ந்தால் துளை தளர்ந்துவிடும். முளை தானும் மரமாதலின் ஓரளவு உடன் இயைகிறது. ஆயினும் இரும்பு முழுவதும் விலக்கத்தக்கதன்று. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் செய்தளித்த எஃகுச் சக்கரங்களும் அச்சுகளும் தமிழகத் தேர்கள் பலவற்றின் ஓட்டத்தை எளிதாக்கின. கேள்வி சட்டகத்தைப் பற்றியது: தளர்ந்த கழுந்தை மாற்றாமல் இரும்புப் பட்டையால் இறுக்குவது பழுதை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை.

பெரிய தேர் சீரமைக்கப்பட்டு 2024 நவம்பரில் வெள்ளோட்டம் கண்டது. இத்தகைய சீரமைப்பில் மரங்கள் பிரிக்கப்படும் சில வாரங்களே பொருத்துகள் வெளித்தெரியும் காலம். அப்போது ஒவ்வொரு கழுந்தின் அகலம், நீளம், முளையின் இடம், மரவகை ஆகியவற்றை அளந்து வரைபடமாக்கினால்தான் மயமத விதிக்கும் தச்சர் கைப்பழக்கத்திற்கும் இடையிலான உறவைச் சோதிக்க இயலும்.