தாயின் கைக்கு வந்த 5 ஷில்லிங்

பிள்ளைக்குப் பாலில்லையா? தலையெழுத்து என்றனர் சிலர்; பெற்றவன் பாடு என்றனர் செல்வர். இவ்விரண்டையும் மறுத்து எழுந்தார் இங்கிலாந்தில் ஒரு மாதரசி. அவர்தாம் எலினார் ராத்போன்.

முதல் உலகப் போரின்போது, களம் சென்ற வீரர்தம் மனைவியர்க்கு அரசு உதவித்தொகை அளித்தது. பிள்ளைகள் மிகுந்தால் தொகையும் மிகுந்தது. லிவர்பூல் நகரில் அப்பணியில் ஈடுபட்ட அம்மையார் ஓர் உண்மையைக் கண்டார்: பணம் தாயின் கையில் சேர்ந்தால், பிள்ளையின் வயிறு நிறைகிறது!

ஆலையிலோ, தனியாளுக்கும் ஆறு பிள்ளைகளின் தந்தைக்கும் கூலி ஒன்றே. இக்கொடுமையை விளக்கி 1924-இல் நூல் எழுதினார்; 1929-இல் நாடாளுமன்றம் புகுந்தார். கூலி குறைந்துவிடுமோவெனத் தொழிற்சங்கத்தாரிலும் பலர் அஞ்சினர். அம்மையார் அயர்ந்தாரில்லை.

1945-இல் மசோதா வந்தது. ஆனால் என்ன விந்தை! பணம் தந்தைக்கே உரியது என்றது அது. சுமந்தவள் தாய், வளர்ப்பவள் தாய். பணம் மட்டும் தந்தைக்கா? அப்படியாயின் மசோதாவை எதிர்த்தே வாக்களிப்பேன் என்றார் அம்மையார். அரசு பணிந்தது, தாய்க்கே தொகை என்றாயிற்று.

1946 ஆகஸ்டு முதல், இரண்டாம் பிள்ளை தொடங்கி, பிள்ளைக்கு வாரம் 5 ஷில்லிங் வழங்கப்பட்டது. அக்காட்சியைக் காண அம்மையார் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். தலைப்பிள்ளைக்கும் அவ்வுரிமை கிட்டியது 1977-இல்தான்.

தொகை சிறிது, தத்துவம் பெரிது. குழந்தையை வளர்ப்பது சமுதாயத்துக்கு ஆற்றும் தொண்டு. அதற்குச் சமுதாயம் தருவது பிச்சையன்று, கடன்! அதனைக் கேட்டுப் பெறத் தாய் ஏன் கூச வேண்டும்? கொடுக்க மறுப்போரன்றோ நாண வேண்டும்!