கரையொதுங்கிய வெண்மணிகள்

நாம் இங்கு நினைவுகூர்வது மிக அண்மைய வரலாறு. 2025 மே 25 அன்று கொச்சிக்குத் தென்மேற்கே அரபிக் கடலில் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் சரக்குக் கப்பல் 640 பெட்டகங்களுடன் மூழ்கிற்று. சில நாட்களில் திருவனந்தபுரம் கடற்கரையிலும், பின்னர் நம் குமரி மாவட்டக் கரையிலும் வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. 2021-இல் கொழும்புக்கு அருகே ஒரு கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கை கண்ட காட்சியே இது.

மணலைச் சலித்து மணிகளைப் பொறுக்கிவிடலாம். கண்ணுக்குப் புலப்படாத நஞ்சை எவ்வாறு அறிவது? 12 பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. அது நீர்பட்டால் எரியக்கூடிய அசிட்டிலீன் வாயுவும் நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகும். ஆதலின் கடல்நீரின் காரத்தன்மையை அளத்தல் வேண்டும். கப்பலில் உலை எண்ணெயும் டீசலும் இருந்தமையால், நீரிலும் மணலிலும் எண்ணெயின் சுவட்டையும் தேடுதல் வேண்டும்.

மக்கள் மீன் வாங்கவே அஞ்சிய அந்நாட்களில் மீனவருக்கு வேண்டியிருந்தது சான்று. ஆயினும் ஒரு நாளைய சோதனை தனித்து நின்று சான்றாகாது. முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் விளங்கும். ஆகவே, இடர் வருமுன்னரே நம் கரைகளின் நீரையும் மணலையும் அளந்து எழுதி வைத்தல் நம் கடமையாகும்.