எபிரேய மாதப்பெயரும் மொழிபெயர்ப்பும்

பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000ஐ ஒட்டி யோசேப் ரப்பானுக்கு அளித்த கொச்சி யூதர் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் காலக்குறிப்பு அரசனது ஆட்சியாண்டே. எபிரேய ஆண்டு அன்று. கேரள யூதர் வெளிவாழ்வில் நாட்டு வழக்கையும் வழிபாட்டில் எபிரேயக் கணிப்பையும் பின்பற்றினர்.

கேரள மாதம் கதிர்வழிப்பட்டது; எபிரேய மாதம் பிறையில் தொடங்குவது. பருவம் பிறழாதிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஆதார் மாதம் இரட்டிக்கப்படும். ஆகவே நிசான் 15இல் தொடங்கும் பஸ்கா, ஓராண்டு மீனத்திலும் (பங்குனி) வேறோராண்டு மேடத்திலும் (சித்திரை) வரும். நிசானைச் 'சித்திரை' எனப் பெயர்த்தல் இதனாற் பிழையாகிறது. நிசான் முதல் எண்ண ஏழாவதான திஷ்ரியில் ஆண்டு பிறக்கும். அந்நாள் ஆவணியிலோ புரட்டாசியிலோ அமையும், நம் ஏழாம் மாதமாகிய ஐப்பசியில் அமையாது.

விழாப்பெயரைப் பொருள்படப் பெயர்க்கலாம். 'கூடாரப் பண்டிகை' அவ்வாறு நிலைபெற்றது. மாதப்பெயரோ ஒரு கணிப்புமுறையின் உறுப்பு. அதனை ஒலிபெயர்த்தலே தகும்.