சித்திரத் திரைப்படங்களில் இயல்பும் வேறுபாடும்

குழந்தை தன் உடலையும் பிறர் உடலையும் மதிப்பிடக் கற்பது வீட்டிலும் பள்ளியிலும் மட்டுமன்று. இருபதாம் நூற்றாண்டில் கார்ட்டூன் எனப்படும் சித்திரத் திரைப்படமும் அக்கல்வியை அளிக்கலாயிற்று. அமெரிக்கப் படங்கள் சிலவற்றைக் காலமுறையில் வைத்து, 'இயல்பு' என்னும் கருத்து அவற்றில் அடைந்த மாற்றத்தை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அந்நாட்டின் நிலையை நோக்குதல் வேண்டும். சிகாகோ நகரில் 1881-இல் இயற்றப்பட்ட விதியொன்று, உருச்சிதைந்தோர் பொதுவிடங்களில் பிறர் காணத் தோன்றுதலைத் தண்டத்திற்குரிய குற்றமாக்கியது. 1974-இல்தான் அது நீக்கப்பட்டது.

அவ்விதி நீங்காதிருந்த காலத்தில், 1941-இல், டிஸ்னியின் 'டம்போ' வெளிவந்தது. பெருஞ்செவிகளோடு பிறந்த யானைக்கன்றைச் சர்க்கஸ் யானைகள் ஒதுக்குகின்றன, சிறுவர் எள்ளுகின்றனர், கன்றைக் காக்க முனைந்த தாய் அடைக்கப்படுகிறாள். குறை எள்ளுவோரிடமே உளது என்று காட்டுவது இப்படத்தின் சிறப்பு. ஆயினும், அச்செவிகளே சிறகுகளாகிப் பறந்த பின்னரே கன்று பெருமை பெறுகிறது. பறக்க இயலாத கன்றாயின் அதன் நிலை யாதாகும்? இதற்குப் படத்தில் விடை இல்லை.

பாரியின் 1904-ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவிய 'பீட்டர் பான்' (1953) கொடியோனின் அடையாளமாக இழந்த கையையே முன்னிறுத்தியது. உடற்குறையுடையோர் உரிமைச் சட்டம் 1990-இல் இயற்றப்பட்டபின் வந்தது, ஹியூகோவின் 1831-ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவிய நோத்ர்தாம் கூனன் படம் (1996). அதன் இறுதியில் ஊரார் கூனனைத் தோளில் சுமக்கின்றனர். காதலோ அழகிய வீரனுக்கே உரியதாகிறது.

பிக்ஸாரின் 'ஃபைண்டிங் நீமோ' (2003) வேறொரு நெறியைக் காட்டிற்று. சிறுத்த துடுப்போடு பிறந்த மீன்குஞ்சின் துடுப்பு இறுதிவரை வளரவில்லை. வியப்புக்குரிய ஆற்றலும் பெறவில்லை. மாறுவது தந்தையின் அச்சமே. வலையில் சிக்கிய மீன்கள் நீமோவால் மீள்கின்றனவே எனின், அது துணிவாலும் மதியாலும் நிகழ்ந்தது, துடுப்பால் அன்று. ஆயினும் அப்படத்திலேயே டோரியின் மறதி நகைப்பிற்குப் பெரிதும் பயன்பட்டது. 2016-இல் அவளுக்கெனத் தனிப்படம் எழுந்தபோதே அம்மறதியின் துயர் விரிவாகப் பேசப்பட்டது.

இப்படங்கள் சட்டத்தை மாற்றின என யாம் கூறவில்லை; காலத்தின் எண்ணத்தை ஏற்றுக் குழந்தைகளுக்கு வழங்கின என்பதே எம் துணிபு. வேறுபட்ட உடலுடைய குழந்தையும் அரங்கில் அமர்ந்தே அவற்றைக் காண்கிறது. பறந்து காட்டினால்தான் தனக்கு இடமுண்டு என அது கற்குமா, பறவாமலே இடமுண்டு எனக் கற்குமா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினாவாகும்.